ஸ்பிட்ஃபயர் சேசிஸுக்குப் பெண்டு எடுத்த கதை

வளைஞ்ச சேசிஸ (வண்டியோட அடி இரும்புச் சட்டம்) நிமித்த முடியுமா, இல்ல வண்டியவே தலைமுழுகிடறதான்னு இங்க இங்கிலாந்துல பழைய கார் வச்சிருக்கிற நம்மாளுங்க அடிக்கடி கேக்கறாங்க. நிமித்தலாம். ஆனா இழுக்கறதுதான் பெரிய வேலைன்னு நெனச்சு இறங்கிடாதீங்க, அது கடைசில வர்ற சின்ன வேலை, அளக்கறதுலதான் நம்ம பெண்டு நிமிர்ந்துடும்.

வண்டி 1973 டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4, 1296 சிசி. கவென்ட்ரில கேன்லி ஃபாக்டரில செஞ்சது, நான் இருக்கறதும் கவென்ட்ரிதான். அப்பா மெட்ராஸ்ல ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஓட்டினவரு, அந்த ஹெரால்ட் சேசிஸ குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயர பண்ணாங்க, முன்பக்க சஸ்பென்ஷன் கூட அதே குடும்பம்தான், அதனால இந்த வண்டின்னா எங்க வீட்ல எல்லாருக்கும் கொஞ்சம் பாசம் ஜாஸ்தி.

ரவுண்டபவுட்ல நான் சுத்திட்டு இருக்கும்போது இடது பக்கத்துல இருந்து ஒரு வேன் நிக்காம உள்ள வந்து முன் மூலைல சாத்திடுச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகல. பானெட் நசுங்கி, இடது முன் சக்கரம் பின்னாடி தள்ளி, பாத்தாலே வண்டி ஒரு பக்கமா மூஞ்ச திருப்பிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. இன்சூரன்ஸ்காரங்க இன்ஜினியர் வந்து பாத்துட்டு கேட்டகரி எஸ்னு எழுதிட்டாரு. 2017 அக்டோபர்ல இருந்து இங்க ஏ, பி, எஸ், என்னு நாலு வகைதான், எஸ்னா கட்டமைப்புலயே அடி, ஆனா ரிப்பேர் பண்ணி ஓட்டலாம். அக்ரீட் வேல்யூ பாலிசி (வண்டி விலைய முன்கூட்டியே பேசி வச்சுக்கறது) எடுத்திருந்ததால பேசின தொகைல இருந்து சால்வேஜ் (அடிபட்ட வண்டியோட) விலைய கழிச்சுக்கிட்டு வண்டிய எனக்கே விட்டுட்டாங்க. பழைய கார் வச்சிருக்கறவங்க தயவு செஞ்சு இந்த பாலிசிய எடுங்க, சாதாரண பாலிசில மார்க்கெட் விலைன்னு சொல்லி ஒரு சைக்கிள் காசு குடுப்பாங்க.

வேற ஒரு வண்டில இருந்து கழட்டின செகண்ட் ஹேண்ட் சேசிஸ் மலிவா கெடச்சுது, அதையே போட்டுடுன்னு நெறைய பேர் சொன்னாங்க. நான் கேக்கல. அப்போ இருந்த டிவிஎல்ஏ (இங்க வண்டி ரிஜிஸ்டர் பண்ற அரசு ஆபீஸ்) விதிப்படி வண்டிய ரொம்ப மாத்திட்டா பழைய நம்பர் நிலைக்க எட்டு பாயின்ட் வேணும், அதுல ஒரிஜினல் சேசிஸுக்கே அஞ்சு பாயின்ட், வேற வண்டியோட சேசிஸுக்கு அது கெடையாது. வம்பு எதுக்கு, இருக்கறதையே நிமித்துவோம்னு முடிவு பண்ணேன்.

பிரிக்கற கதைய நீட்டல. கியர்பாக்ஸ் இந்த வண்டில உள்பக்கமா, சீட் இருக்கற எடத்து வழியாத்தான் வெளிய வரும், அது ஒரு கூத்து. பாடிய தூக்கறதுக்கு முன்னாடி மட்டும் ஒண்ணு செய்யணும்: ஸ்பிட்ஃபயர்ல கதவுக்குக் கீழ இருக்கற 'சில்'ங்கற தகட்டுப் பெட்டிதான் பாடிக்குத் தெம்பு, கூரை வேற கெடையாது, அதனால ரெண்டு கதவு ஓட்டைலயும் குறுக்க இரும்புப் பட்டை போட்டு இறுக்கிட்டுத்தான் தூக்கணும், இல்லன்னா நடுவுல மடங்கிடும், அப்புறம் எந்தக் கதவும் மூடாது. பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவுல இருக்கற பேக்கிங் துண்டு ஒவ்வொண்ணையும் எந்த போல்ட்டுக்கு உள்ளதுன்னு எழுதி கவர்ல போட்டு வச்சேன்.

அப்புறம் அளவு. நனீட்டன் பக்கத்துல பழைய வண்டி சேசிஸ் வேலை மட்டும் பாக்கற ஒரு பெரியவர் இருக்காரு, எழுபது வயசுக்கு மேல, அவர் ஷெட்ல லேசர் அது இதுன்னு ஒண்ணும் இல்ல. சேசிஸ நாலு ஸ்டாண்டு மேல மட்டம் பாத்து உக்கார வச்சாரு, பாக்கெட்ல இருந்து எடுத்தாரு பாருங்க, நம்ம ஊர் கொத்தனார் வச்சிருக்கிற அதே தூக்குக்குண்டு! டரெட் (முன் ஸ்பிரிங்கத் தாங்கற கோபுரம்) போல்ட் ஓட்டை, கீழ் விஷ்போன் (சக்கரத்தப் புடிச்சிருக்கற கை) பிராக்கெட் ஓட்டை, அவுட்ரிகர் (பக்கவாட்டுல நீட்டற தாங்கி) ஓட்டை, பின்னாடி டிஃப் (பின் சக்கரத்துக்கு சக்தியப் பிரிக்கற கியர்) மவுன்ட்டுன்னு இடதும் வலதும் ஜோடி ஜோடியா ஒவ்வொரு ஓட்டைல இருந்தும் நூல விட்டு, குண்டு ஆடி அடங்கற வரைக்கும் ரெண்டு பேரும் மூச்சு விடாம நின்னு, முனை தொடற எடத்துல தரைல சாக்பீஸ்ல பெருக்கல் குறி. எல்லா ஜோடிக்கும் நடுப்புள்ளி குறிச்சு ஒரு நூல இழுத்துப் புடிச்சா புள்ளி எல்லாம் நூல் மேல உக்காரணும். பின்னாடில இருந்து கியர்பாக்ஸ் மவுன்ட் வரைக்கும் அழகா உக்காந்துச்சு, அதுக்கு முன்னாடி எல்லாப் புள்ளியும் வலது பக்கம் ஓடிப் போச்சு. அதாவது அடி வாங்கின இடது ரயில் (சேசிஸோட நீளவாட்டு இரும்பு) பின்னாடி நசுங்கி, மூக்கு மொத்தமும் வலது பக்கம் தள்ளிருக்கு. டரெட்டுக்குப் பின்னாடி இடது ரயில்ல கைய வச்சுத் தடவினா அப்பளம் ஓரம் மாதிரி நெளிவு, கண்ணுக்கு சரியா தெரியல, விரலுக்குத் தெரிஞ்சுது.

மூலைக்கு மூலை அளந்தா ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இருக்கணும், எங்களுது 14 மில்லி வித்தியாசம். நான் சொன்னேன், வலது பக்கம் நல்லாத்தானே இருக்கு, அதப் பாத்து இடது பக்கத்த இழுத்துடலாமேன்னு. அவர் ஒண்ணும் பேசாம வொர்க்‌ஷாப் மேனுவல்ல இருக்கற சேசிஸ் படத்த எடுத்து வச்சு வலது பக்கத்தையும் புத்தக அளவோட ஒத்துப் பாத்தாரு. அங்கயும் 5 மில்லி கம்மி! பெயின்ட்ட சுரண்டினா வலது ரயில்ல பித்தளை நெறத்துல ஒரு கோடு, எந்தக் காலத்துலயோ எவனோ அடிச்சு, பிரேஸிங் (பித்தளைய உருக்கி ஒட்டறது) வச்சு ஒட்டி, கருப்பு அடிச்சு மறைச்சுட்டான். நாங்க பிரிக்கும்போதே அந்தப் பக்கம் விஷ்போன் பிராக்கெட்டுக்குப் பின்னாடி ஷிம் (இடைவெளிக்கு வைக்கற மெல்லிசு தகடு) அடுக்கடுக்கா இருந்துச்சு, ஏன்னு அப்பத்தான் புரிஞ்சுது, கோணல ஷிம்மால சமாளிச்சிருக்காங்க. நான் வாங்கினதுல இருந்து வண்டி லேசா ஒரு பக்கம் இழுக்கும், டயர்தான்னு எல்லா டயர் கடைக்காரனும் சொன்னான்.

இழுக்கறதுக்கு சேசிஸோட பின்பாதிய தரைல பதிச்ச இரும்பு பெஞ்சோட கிளாம்ப் போட்டு இறுக்கிட்டு, முன்னாடி செயின் மாட்டி ஹைட்ராலிக் ரேம்ல (எண்ணெய் அழுத்தத்துல ஓடற ஜாக்கி) மெதுவா இழுப்பாங்க. செயின் மேல ஒரு தடி கம்பளியப் போட்டாரு, அறுந்தா பறக்காம இருக்க, செயின் போற நேர்ல ஆள் நிக்கக் கூடாது. கடைசியா எது வளைஞ்சுதோ அத முதல்ல எடுக்கணுங்கறது கணக்கு, அதனால முதல்ல பக்கவாட்டுக் கோணல், அப்புறம்தான் நசுங்கினத முன்னாடி இழுக்கறது. இரும்பு திரும்பிப் போகப் பாக்கும், அளவுக்கு இழுத்து விட்டா பாதி திரும்பிடும், அதனால கொஞ்சம் தாண்டி இழுத்து, டைட்ல இருக்கும்போதே நெளிவு மேல சுத்தியல்ல தட்டி, ரேம லூஸ் பண்ணி, திரும்பத் தூக்குக்குண்டு. திரும்ப இழு, திரும்ப அள. கேஸ் டார்ச்ச நெளிவு இருந்த எடத்துல மட்டும் காட்டினாரு, அதுவும் மங்கின சிவப்பு வர்றதுக்குள்ள எடுத்துடுவாரு. இது பழைய மைல்ட் ஸ்டீல், அதனால இந்த அளவு சூடு தாங்கும், இப்ப வர்ற கார் ஸ்டீல்ல இந்த வேலைய காட்டாதீங்க.

நெளிவு முக்கால்வாசி வந்ததும் அந்த எடத்துல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். உள்ள துரு வேற. அதுக்கு மேல இழுக்கறதுல அர்த்தமில்லன்னு அந்தத் துண்டையே வெட்டி எடுத்துட்டு அதே தடிமன் தகட்டுல மடிச்சு மிக் வெல்டிங். வலது பக்கத்துப் பித்தளை ஒட்டையும் வெட்டிட்டாங்க, பித்தளை பட்ட எடத்து மேல அப்படியே வெல்டிங் வச்சா புடிக்காது, சுத்தமா எடுத்துட்டுத்தான் வைக்கணும். கடைசில குறுக்களவு வித்தியாசம் 2 மில்லி. 3க்குள்ள வந்தா போதும்னு சொன்னாரு, எனக்கு அதுவே திருப்தி.

சஸ்பென்ஷன்ல இடது வெர்ட்டிகல் லிங்க்கையும் (சக்கரத்தத் தாங்கற நெட்டு இரும்பு) டிரன்னியனையும் (அதோட அடில திரும்பற மூட்டு) யோசிக்காம தூக்கிப் போட்டுட்டு புதுசு போட்டேன். அடி வாங்கின வெர்ட்டிகல் லிங்க் பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ஓடும்போது உடைஞ்சா சக்கரம் படுத்துடும். டிரன்னியனுக்கு இபி90 ஆயில், கிரீஸ் கெடையாது. வெல்ட் வச்ச ரயிலுக்குள்ள கேவிட்டி வாக்ஸ் (துருப் புடிக்காம இருக்க அடிக்கற மெழுகு) அடிச்சாச்சு. இப்ப ஷிம் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், ஸ்டியரிங்க விட்டா நேரா போகுது.

டிவிஎல்ஏல புது லாக் புக் (வண்டி ரிஜிஸ்ட்ரேஷன் பேப்பர்) வாங்கற பேப்பர் வேலைய மறந்துடாதீங்க, கேட்டகரி எஸ்னா பழசு இன்சூரன்ஸ்காரங்க கைக்குப் போயிடும். ஒவ்வொரு கட்டத்துலயும் அளவுத் தாளோட போட்டோ எடுத்து வச்சிருந்தேன், அடுத்த பாலிசி எடுக்கும்போது அதுதான் கை குடுத்துது. பானெட்டுக்கும் கதவுக்கும் நடுவுல இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இடைவெளி ஜாஸ்தியாத்தான் இருக்கு, ஆனா அது பானெட் கோளாறு, சேசிஸ் இல்ல, வேற நல்ல பானெட் கெடைக்கற வரைக்கும் அப்படியே ஓட்டிட்டு இருக்கேன்.