மிஸ் தேடிய மிஸ்

"உங்க பொண்ணுக்கென்ன மிஸ், வீட்டுலயே கணக்கு டீச்சர் இருக்கீங்க" என்று மாணவர்களின் அம்மாக்கள் சொல்லும்போதெல்லாம் சிரித்து மழுப்பிவிடுவேன். வேறென்ன செய்ய?

திருச்சி உறையூரில் எங்கள் வீட்டு முன்னறையில் 2008-லிருந்து டியூஷன் எடுக்கிறேன். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்குக் கணக்கு மட்டும். மாலை ஐந்து மணிக்கு ஒரு செட், ஆறேகாலுக்கு இன்னொன்று. பாய் விரித்தால் எட்டுப் பேர் உட்காரலாம், ஒன்பதாவது ஆள் வாசற்படியில்தான். இத்தனை வருடத்தில் கணக்கென்றாலே அழுத பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஆனால் என் மகளுக்கு என்னால் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. ஊரார் பிள்ளை நாலாவது முறை தப்புச் செய்தாலும் "சரி, இன்னொரு தடவை பாப்போமா" என்று கேட்கிற இதே வாய், பெற்ற பிள்ளையின் இரண்டாவது தப்புக்கே "இதுகூடவா தெரியல?" என்று எரிந்து விழும். அவளும் சும்மா இருக்க மாட்டாள். "எங்கிட்ட மட்டும்தான் கத்துவ" என்று நோட்டை மூடிவிட்டு மாடிக்குப் போய்விடுவாள்.

2024 ஜூலையில் ஏழாம் வகுப்பு முதல் மிட்டேர்ம் பேப்பர் வந்தது. கணக்கில் 50-க்கு 19. பேப்பரை இரண்டு நாள் புத்தகப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"வெளிய யார்கிட்டயாவது அனுப்பிடு" என்றார் வீட்டுக்காரர். அப்புறம் அவரே, "டியூஷன் மிஸ் பொண்ணு டியூஷன் போகுதுன்னு தெரிஞ்சா உன் செட்டு காலியாயிடுமே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பயம் ஏற்கெனவே எனக்குள் இருந்தது.

சரி, தேட வேண்டும் என்று முடிவானது. எப்படித் தேடுவது? பதினாறு வருடமாக என்னைத் தேடி வந்தவர்கள் போனில் என்னென்ன கேட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். முதல் கேள்வி, ஃபீஸ் எவ்வளவு. இரண்டாவது, எத்தனை மணி நேரம். மூன்றாவது, "நீங்க ஸ்கூல் டீச்சரா?" இந்த மூன்றாவது கேள்விதான் எப்போதும் எனக்கு வேடிக்கை. பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. இருந்தாலும் இல்லை என்று சொன்னால் எதிர்முனையில் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

இன்னொரு ரகம் உண்டு. "எட்டு வரைக்கும் ஃபெயில் கிடையாதே மிஸ், ஒன்பதாவதுல பாத்துக்கலாம்." நடுநிலை வகுப்புக் கணக்கு என்றாலே ஊருக்கு ஒரு அலட்சியம். 2019 செப்டம்பரில் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்தபோது ஒரே வாரத்தில் என் போனுக்கு வந்த அழைப்புகள் அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் வந்திருக்காது. 2020 பிப்ரவரியில் அந்தத் தேர்வை ரத்து செய்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஐந்து பேரில் மூன்று பேர் மறுமாதமே நின்றுவிட்டார்கள். பின்னக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள் அந்த மூவரும்.

பிள்ளைக்கு எந்த இடத்தில் புரியாமல் போனது என்று மட்டும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானாகக் கேட்டால் "எல்லாமே வீக்குதான் மிஸ்" என்பார்கள்.

முதலில் தில்லை நகரில் ஒரு டியூஷன் சென்டருக்குப் போனேன். ஏசி அறை, கண்ணாடிக் கதவு, வாராவாரம் டெஸ்ட், மதிப்பெண் அப்பாவின் வாட்ஸ்அப்புக்கே வந்துவிடும். ஒரு வகுப்பில் முப்பது பேர். "ஸ்கூல்ல இந்தப் பாடம் நடத்துறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நாங்க முடிச்சிருவோம்" என்றார் அங்கிருந்தவர், பெருமையாக. என் மகளுக்கு வேண்டியது இரண்டு வாரம் முன்னால் போவதில்லை, இரண்டு வருடம் பின்னால் போவது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்து ஆன்லைனில் ஒரு டெமோ. டெமோ வகுப்பு நாற்பது நிமிடம், அதற்கப்புறம் மூன்று நாளைக்கு விற்பனைப் பேச்சு. கடைசியாகக் கூப்பிட்ட பெண் "உங்க குழந்தையோட எதிர்காலம் மேடம்" என்று ஆரம்பித்தபோது, அதே வார்த்தையை நானும் இரண்டொரு பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேனே என்று நினைவு வந்தது. மெதுவாக வைத்துவிட்டேன்.

மூன்றாவது ஒரு பி.டெக். பையன். அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுக்கிறவர். நல்ல மூளை. மகள் கொடுத்த கணக்கை பேனாவை எடுப்பதற்குள் மனதிலேயே போட்டுவிட்டார். அவள் பிரமித்துப் போய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், நோட்டைப் பார்க்கவில்லை. கணக்கு தெரிவது வேறு, வராத பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவது வேறு. ராமானுஜனே வேலை கிடைக்காமல் இருந்த நாட்களில் டியூஷன் எடுத்துப் பிழைக்கப் பார்த்தவர்தான், அது அவருக்குக் கைகூடவில்லை. பி.டெக். பையனை இதனால் குறை சொல்ல முடியாது. பத்தாம் வகுப்புக்கு மேல் அவர் பிரமாதமாக எடுப்பார் என்று இன்றைக்கும் நான் பரிந்துரைக்கிறேன்.

நாலாவதாக வந்தது எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற பெண். எம்.எஸ்சி. முடித்துவிட்டு பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவள். மாலை நேரத்தில் கோயில் திண்ணையில் தெருப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நானே காய்கறி வாங்கப் போகும்போது பார்த்திருக்கிறேன். அப்போது மனதுக்குள் "இதுல என்ன பெருசா வந்துடப் போகுது" என்று நினைத்தவள்தான் நான்.

வந்து உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, பாப்பாவோட போன வருஷ நோட்டு இருக்கா?"

ஃபேர் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இது போர்டைப் பாத்து எழுதினது. ரஃப் நோட்டு இருந்தா குடுங்கக்கா" என்றாள். எல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போயிருந்தது. அலமாரிக்கு அடியில் ஒன்று மட்டும் தப்பியிருந்தது, கடைசிப் பக்கமெல்லாம் பூனைப் படம் போட்டு. அதைப் பத்து நிமிடம் பார்த்தாள். நான் டீ போட்டு முடிக்கும்வரை அந்தப் பெண் நிமிரவில்லை.

அவள் கண்டுபிடித்ததை நான் பதினாறு வருடம் பாடம் எடுத்தும் சேர்த்துப் பார்த்ததில்லை. சமச்சீர் புத்தகத்தில் குறை எண்களும் சேர்ந்த முழுக்கள் அறிமுகமாவது ஆறாம் வகுப்பின் மூன்றாம் பருவத்தில். மூன்றாம் பருவம் குட்டை. ஆண்டு விழா, ரிவிஷன், ஆண்டுத் தேர்வு என்று ஓடிவிடும். அதற்கப்புறம் மே மாத லீவு. ஏழாம் வகுப்பு முதல் பருவத்தைத் திறந்தால் முதல் இயலிலேயே முழுக்களின் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் வரிசையாக நிற்கும். எண்கோட்டில் பூஜ்யத்துக்கு இடப்பக்கம் ஒரு உலகம் இருக்கிறது என்று பிள்ளைக்கு உறைப்பதற்கு முன்பே அங்கே நான்கு செயல்களையும் செய்யச் சொல்கிறோம். போதாததற்கு இந்தப் பிள்ளைகள் கொரோனாவில் மூன்றாம் வகுப்பை செல்போனில் படித்தவர்கள். என் மகளுக்கு அந்த வருடத்தில் நினைவிருப்பது ஆன்லைன் வகுப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது மட்டும்தான்.

ஃபீஸ் பேச்சு வந்தது. வாரம் மூன்று நாள், மாதம் 2,000 என்றாள். "1,500 வச்சுக்கலாமேம்மா" என்று என் வாயிலிருந்து தன்னால் வந்துவிட்டது. என்னிடம் யாராவது அப்படிக் கேட்டால் அன்றைக்கு இரவெல்லாம் புலம்புகிறவள் நான். அவள் ஒன்றும் சொல்லாமல் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 2,000-க்கே ஒத்துக்கொண்டேன்.

முதல் வகுப்பு ஒரு சனிக்கிழமை. அவர்கள் முன்னறையில். நான் அடுக்களை வாசலில் முருங்கைக்கீரை உருவுகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். −5 − 3 எவ்வளவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். மகள் யோசிக்கவே இல்லை, டக்கென்று 8 என்று எழுதிவிட்டாள். இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. கீரைக் காம்போடு கை நின்றுவிட்டது. "மைனஸ் எட்டுடி!" என்று தொண்டை வரைக்கும் வந்த சொல்லை விழுங்கினேன்.

அந்தப் பெண் தப்பு என்று சொல்லவில்லை. சிவப்புப் பேனாவும் எடுக்கவில்லை. "எட்டு எப்படி வந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். ரொம்ப நேரம் சும்மா இருந்தாள். எனக்கானால் அதற்குள் மூன்று கணக்கு முடிந்திருக்கும்.

"மைனஸும் மைனஸும் பிளஸ்" என்றாள் மகள்.

"ஓ. சரி. உங்க ஸ்கூல் கேன்டீன்ல அஞ்சு ரூபா பாக்கி வச்சிருக்கன்னு வை. இன்னிக்கு இன்னும் மூணு ரூபாய்க்குக் கடன்ல கடலமிட்டாய் வாங்குற. நீ எழுதினபடி பாத்தா கேன்டீன் அண்ணன் உனக்கு எட்டு ரூபா தரணும். தருவாரா?"

இரண்டு விநாடி மௌனம். அப்புறம் மகள் சிரித்தாள். கணக்கு நோட்டின் முன்னால் அவள் சிரித்து நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. "எங்க அண்ணன் தரவே மாட்டாரு, பாக்கியக் குடுத்துட்டுப் போம்பாரு" என்றாள். "அப்ப உன் கையில எவ்ளோ?" "கையில இல்ல, எட்டு ரூபா கடன்." எழுதியிருந்த 8-க்கு முன்னால் தானாகவே ஒரு கோடு போட்டாள்.

"அந்த மைனஸும் மைனஸும் பிளஸ் எங்க வரும்னு இன்னொரு நாள் பாப்போம். அது பெருக்குறப்ப வர்ற விஷயம். அதை யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"அம்மாதான். தினமும் டியூஷன்ல எல்லாரையும் சொல்லச் சொல்வாங்க. நான் உள்ள ரூம்ல இருந்து கேட்டுட்டே இருப்பேன்."

வாஸ்தவம். செட்டு ஆரம்பிக்கும்போது கோரஸாகச் சொல்ல வைப்பேன். "மைனஸ் மைனஸ்?" "பிளஸ்!" "மைனஸ் பிளஸ்?" "மைனஸ்!" தெருமுனை வரைக்கும் கேட்கும். பெற்றோருக்கும் பிடிக்கும், பாடம் நடக்கிறது என்று தெரிகிறதல்லவா. பெருக்கலுக்கான விதி என்று தொடக்கத்தில் ஒருமுறை சொல்வேன். எட்டுப் பேரில் எத்தனை பேருக்கு அந்தத் தொடக்கம் ஞாபகம் இருக்கும்? ஓசை மட்டும் மனதில் நின்றுவிடும். பின்னால் எங்கே இரண்டு மைனஸைப் பார்த்தாலும் பிளஸ் ஆக்கிவிடுவார்கள். டெஸ்டில் அப்படி எழுதிய பிள்ளைகளைக் "கவனக்குறைவு" என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

அன்று மாலை ஐந்து மணி செட்டுக்குப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். வழக்கம்போல முன்வரிசைப் பையன் நான் கேட்பதற்கு முன்பே "மைனஸ் மைனஸ் பிளஸ்" என்று ஆரம்பித்தான். "இன்னிக்கு வேண்டாம்டா" என்றேன். அதற்குமேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அளவைகள் பாடத்தை எடுத்துவிட்டுச் சமாளித்தேன். கோரஸை முழுசாக விட எனக்கு இன்னும் மூன்று வாரம் பிடித்தது. விட்டபோது ஒரு அம்மா, "இப்பல்லாம் சத்தமே இல்லையே மிஸ், பசங்க படிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. மகளுக்குக் கணக்கில் 60-க்கு 27. நூற்றுக்குப் பார்த்தால் 38-லிருந்து 45. இரண்டு மாதம், 4,000 ரூபாய், ஏழு மார்க். மனம் தன் பாட்டுக்கு வகுத்துப் பார்த்தது. இந்த மாதிரி நேரத்தில் பெற்றோரிடமிருந்து எனக்கொரு போன் வரும். "ரெண்டு மாசமாச்சே மிஸ், இவ்வளவுதானா?" என்று. அந்த போனை நான் எவ்வளவு வெறுப்பேன் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும்.

கூப்பிட்டுவிட்டேன். அதே வார்த்தைகள்தான், மிஸ்ஸுக்குப் பதில் 'ம்மா' போட்டு.

அவள் கோபப்படவில்லை. "பேப்பர் கையில இருக்காக்கா? மைனஸ் வர்ற கணக்கை மட்டும் பாருங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அப்படி நாலு கணக்கு இருந்தது. நாலும் சரி. ஒன்றில் மட்டும் ஓரத்தில் சின்னதாகப் பென்சிலில் "கடன்" என்று எழுதி அழித்திருந்தாள்.

"மத்ததெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டாள் போனில்.

"சரிவகத்துல. சூத்திரத்துல அரையை விட்டிருக்கா."

"அதை இன்னும் நான் தொடவே இல்லக்கா" என்றாள்.