சாமியில்லாத மலை

“அந்த மலைமேல எந்தச் சாமி இருக்கு?” என்று அம்மா தொலைபேசியில் கேட்டார். சாமி எதுவும் இல்லை என்றேன். “அப்புறம் எதுக்குடா ஏறுறே?” காரைக்காலில் பிறந்தவர்களுக்கு உயரம் என்றால் கோயில் கோபுரம், மலை என்றால் பழனி, அதுவும் மொட்டையடிக்க.

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் மலையேறுபவர்கள் விடியும் முன்பே மைதோ என்னும் மலைவிளிம்புக் காட்சிமுனைக்குப் போய்விடுவார்கள். முற்பகலிலேயே மேகம் எழுந்து எல்லாவற்றையும் மூடிவிடும். அங்கிருந்து 2,900 மீட்டரை நெருங்கும் கிராண் பெனார் உச்சிவரை, மலைவிளிம்பை ஒட்டியே, எரிமலைப் பாறைகளில் கையூன்றியும் கால் தடுக்கியும் தனியாக ஏறினேன். இடப்பக்கம் செங்குத்தாக இறங்கும் மஃபாத் பள்ளத்தாக்கில் ஊர்கள் உண்டு, சாலை கிடையாது. நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் போக வேண்டும். வழியில் உள்ள குகைகளில் உறைந்த பனிக்கட்டியை அக்காலத்தில் அடிமைகள் சுமந்து இறங்கினார்களாம்.

இந்தத் தனிமை பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். ஆனால் மூச்சு வாங்கி நின்றபோது மனம் வெள்ளியங்கிரிக்குப் போய்விட்டது. அங்கே மூங்கில் தடியோடு வரும் முன்பின் தெரியாதவர் ஒரு குரல் கொடுத்தே நம்மை அடுத்த மலைக்கு ஏற்றிவிடுவார். இங்கே படியில்லை, சுக்குக்காப்பிக் கடையில்லை, பாறையில் வெள்ளைப் பெயிண்ட் அடையாளம் மட்டுமே. என்னையறியாமல் “அரோகரா” என்று உரக்கச் சொல்லிவிட்டேன். மனிதரைக் கண்டு அஞ்சாமல் கூடவே தத்தி வந்த தெக்-தெக் குருவி அப்போதுதான் முதன்முறையாகப் பறந்து விலகியது.

என் மனக்குறை ஒன்றுதான். 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின் எங்கள் காரைக்கால் துறையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள், மாரியம்மனையும் காளியையும் முருகனையும் கடல் கடத்திக் கொண்டுவந்தவர்கள், இந்த உச்சியில் ஒரு வேலை நட்டிருக்கக் கூடாதா? கரும்புத் தோட்டத்தைவிட்டு நகர முடியாதவர்களுக்குச் சர்க்கரை ஆலை அருகே கோயில் எழுப்பவே நேரமும் இடமும் வாய்த்திருக்கும் என்பது புரிகிறது. புரிந்தும், குன்றுதோறாடுபவனுக்கு இந்தக் குன்று விட்டுப்போனது எனக்கு ஆறவில்லை.

இறங்கி வந்தபோது சாலையோர மரநிழலில், பெரிய பானைகளோடு ஞாயிற்றுக்கிழமை உணவுக்கு வந்திருந்த, இங்கே மலபார் என்று அழைக்கப்படும் தமிழ் வம்சாவளிக் குடும்பம் ஒன்று, நான் தனியாக வந்ததற்கு வருந்தி, சோறும் கோழிக்கறியும் ருகாய் என்னும் காரமான தக்காளித் துவையலும் தட்டில் வைத்து நீட்டியது. இனி இதுதான் என் ஊர் என்று தோன்றுமளவுக்கு இருந்தது ருசி. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கடைசியில் ஒரு கரண்டி மோர் இருந்திருக்கலாம்.