யானை வராத யானை நாள்

ஆகஸ்ட் 12, உலக யானை நாள். புதுச்சேரியில் அன்றைக்குப் பொதுமக்களுக்காக நாங்கள் நடத்தும் கண்காட்சியில், யானையின் பாதத்தைப் பற்றிய மேசை என் பொறுப்பு. ஆண்டு முழுவதும் பசு, ஆடு, நாய் என்று ஓடும் கால்நடை மருத்துவர் நான். ஆடி பிறந்ததிலிருந்தே இந்த ஒரு நாளுக்காக ஏங்க ஆரம்பித்துவிடுவேன்.

உள்ளே நுழைகிற பெரியவர்கள் முதலில் கேட்பது, "யானை எங்கே, டாக்டரம்மா?" என்றுதான். வராது என்றால், அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "லட்சுமிக்குப் பிறகு வேறு யானை வருமா, வராதா?"

மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி, 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியின்போது தெருவிலேயே சரிந்து உயிர்விட்டாள். அன்று ஊரே திரண்டு நின்று அழுதது. காலில் கொலுசோடு நின்று அவள் துதிக்கையால் தலையைத் தொட்டு ஆசி வழங்கியதை நினைத்துக் கண் கலங்குபவர்கள் இன்றும் என் மேசைக்கு வருகிறார்கள். அந்த அன்பு பொய்யில்லை. யானைகளைக் காப்பாற்ற அதைவிடப் பெரிய முதல் எதுவும் நம்மிடம் இல்லை. ஆனாலும் அவர்கள் கேள்விக்கு என் பதில், இன்னொரு யானை வர வேண்டாம் என்பதுதான். ஏன் என்பதைச் சொல்லத்தான் பாதத்தைக் காட்டுகிறேன்.

ஒரு பெண் யானையின் முன்னங்கால் தடத்தை அதே அளவில் களிமண்ணில் செய்து மேசையில் வைத்திருக்கிறோம். ஐந்து நகங்களின் விளிம்பும் தெரியும். பக்கத்தில் ஒரு சணல் கயிற்று உருண்டை. தடத்தைச் சுற்றிக் கயிற்றைப் பிடித்து, அதைப் போல இரண்டு மடங்கு எடுத்தால் யானையின் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். இந்தக் கணக்கு பாகன்களுக்கும் வனத்துறையினருக்கும் நெடுநாளாகத் தெரிந்தது. சென்ற முறை ஒரு சிறுமி கயிற்றை அளந்து எடுத்துக்கொண்டு சுவரோரம் போனாள். அவள் அண்ணன் நாற்காலியில் ஏறி மேல்நுனியைப் பிடித்தான். கயிறு கதவு நிலையைத் தாண்டி மேலே போயிற்று. "இவ்வளவு உயரமா!" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் சொல்வதைப் பிள்ளைகள் கவனமாகக் கேட்பார்கள். இத்தனை உடம்பையும் யானை விரல்நுனிகளில் தாங்கி நடக்கிறது. விரல்களுக்குப் பின்னால் கொழுப்பு மெத்தை ஒன்று இருக்கிறது. பாதத்தை ஊன்றும்போது அது விரியும், தூக்கும்போது சுருங்கும். காட்டு மண்ணில் நாளெல்லாம் நடந்தால் நகமும் தோலும் அளவாகத் தேயும். கருங்கல்லிலும் சிமென்ட் தரையிலும், சொந்தச் சிறுநீரின் ஈரத்திலும் கட்டி நிறுத்தினால் உள்ளங்கால் வெடிக்கும், நகக்கண்ணில் சீழ் கோக்கும். மனிதர் வளர்க்கும் யானைகளைப் பாடாய்ப் படுத்தும் நோய்களில் முக்கியமானது இந்தப் பாத நோய். உயிரியல் பூங்கா யானைகளை வனத்துறையின் யானை முகாம்களுக்கு மாற்றும்படி மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009இலேயே உத்தரவிட்டது. யானைக்கு வேண்டியது நடக்க இடம். அத்துடன் தாய், சித்தி, தமக்கை என்று கூட்டமாய் வாழும் உறவு. இரண்டையும் எந்த ஊராலும் கொடுக்க முடியாது.

கடலூரிலிருந்து பேத்தியோடு வந்திருந்த ஒரு பாட்டி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியும் அப்பர் கரையேறியது எங்கள் திருப்பாதிரிப்புலியூரில்தான். அதற்கு முன்னால் அவரை மிதிக்க ஏவிய யானை, அவரை வலம்வந்து வணங்கிவிட்டுப் போயிற்று. அப்படிப்பட்ட பிராணி இன்று ஆளை மிதிக்கிறதென்றால் அதற்கு என்ன கஷ்டமோ, கண்ணு?" என்றார். அன்று என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுவே சிறந்தது.

அவரை வரைபடத்துக்கு அழைத்துப் போனேன். தமிழ்நாட்டில் 2023 கணக்கெடுப்பில் 2,961 யானைகள், 2024இல் 3,063. எண்ணிக்கை ஆறுதல்தான். ஆனால் அவை வலசை போகும் பாதை குறுகிக்கொண்டே வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சேரும், நீலகிரியின் சீகூர் பகுதியில் யானைகளின் வழியை மறித்து விடுதிகளும் வேலிகளும் எழுந்தன. அந்த வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது. கோவை மதுக்கரையில் தண்டவாளத்தைக் கடக்கும் யானைகளைக் கேமராக்கள் கண்டு ரயில்களுக்குத் தகவல் போகிறது. மருதமலை அடிவாரக் குப்பையை மேய்ந்த யானைகளின் சாணத்தில் பிளாஸ்டிக் உறைகள் கிடக்கின்றன. வழி மறிக்கப்பட்ட யானை வயலில் இறங்கும். அங்கே திருட்டு மின்வேலியும், தீனிக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயும் காத்திருக்கும். ஒரே இரவில் விளைச்சலை இழக்கும் விவசாயியின் கோபத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். அவருக்கு இழப்பீடு தாமதமில்லாமல் போய்ச் சேர்வதும் யானைப் பாதுகாப்புதான்.

காடில்லாத கடற்கரை ஊர்க்காரர்கள் நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களிடம் நான் முதுமலைச் சாலையைப் பற்றித்தான் பேசுகிறேன். கோடை விடுமுறையில் நம் ஊரிலிருந்து கார்கள் ஊட்டிக்கும் மசினகுடிக்கும் போகின்றன. அங்கே யானையைக் கண்டால் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், வாழைப்பழம் வீசாதீர்கள், சிப்ஸ் உறையை வெளியே போடாதீர்கள். லட்சுமியை உண்மையாக நேசித்தவர்களிடம் இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டென்று நம்புகிறேன்.

அடுத்த ஆண்டு, முதுமலையின் தெப்பக்காடு யானை முகாமிலிருந்தோ ஆனைமலையின் கோழிகமுத்தி முகாமிலிருந்தோ ஒரு பாகனை அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழும் குறும்பர், இருளர், மலசர் மக்களுக்குத் தெரிந்ததில் ஒரு பங்குகூட எனக்குத் தெரியாது. பாத மேசையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, கயிறு வெட்டிக் கொடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்வேன்.