வாட்டர் சர்வீஸ் வெச்சிருக்கறீங்களா?

போன ஞாயிறு காலை ஆறே கால் மணி இருக்கும். கோவை கணபதியில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் ஒரு பழைய வெள்ளை மாருதி 800 நின்றது. பானட்டில் ஷாம்பு தண்ணீரைத் தெளித்து, பெயின்ட்டில் ஒட்டிய அழுக்கை உருவி எடுக்கும் களிமண் கட்டியான க்ளே பாரை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தேன். பால் வாங்கிக்கொண்டு போன பெரியவர் ஒருவர் கேட்டுக்கு வெளியே நின்று ஐந்து நிமிடம் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, வாட்டர் சர்வீஸ் வெச்சிருக்கறீங்களா?"

"இல்லீங்க. ஃபவுண்டரியில வேலைங்க."

"அப்ப இது?"

"ஞாயித்துக்கெழமைக்குங்க."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆறு வருடமாக இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். டீடெய்லிங் என்றால் கழுவித் துடைப்பது என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். கழுவுவது முதல் ஒரு மணி நேரத்தோடு முடிந்துவிடும். அப்புறம் பெயின்ட்டில் ஒட்டிய தார், பிரேக்கிலிருந்து பறந்து வந்த இரும்புத் தூள், மரப்பால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரிகிற வட்டக் கீறல்களை மெஷின் பிடித்துப் போக்க வேண்டும். கடைசியில் வாக்ஸோ கோட்டிங்கோ போட வேண்டும். ஒரு வண்டிக்கு எனக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் ஆகும். இரண்டு ஞாயிறு போய்விடும்.

ஆனால் பெரியவர் கேட்டது சரியான கேள்வி. எங்கள் கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். யாருக்கும் இது பிழைப்பு இல்லை. யார் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்தால்தான், அவர் ஏன் வண்டியை அப்படித் தொடுகிறார் என்பது புரியும்.

என்னையே எடுத்துக்கொள்கிறேன். எஸ்.ஜி. அயர்ன் வார்க்கும் ஃபவுண்டரியில் எனக்கு லேப் வேலை. உருக்கிய இரும்பில் மக்னீசியம் சேர்த்தால், உள்ளே இருக்கும் கிராஃபைட் சின்னச் சின்ன உருண்டையாகத் திரளும். சேர்த்த பத்து நிமிடத்துக்குள் அச்சில் ஊற்றிவிட வேண்டும். நேரம் தள்ளினால் மக்னீசியம் போய்விடும், உருண்டை புழு மாதிரி நீண்டுவிடும், இரும்பு வலுவிழந்துவிடும். அது நடந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். உருக்கிய இரும்பை ஏந்திவரும் லேடிலின் கடைசி மெட்டலில் ஊற்றிய சாம்பிள், கட்டை விரல் பருமனில், சூடு ஆறியதும் என் மேசைக்கு வரும்.

அதை எமரி பேப்பரில் தேய்க்க வேண்டும். ஒன்-ஓ, டூ-ஓ, த்ரீ-ஓ, ஃபோர்-ஓ என்று நான்கு பேப்பர், ஒன்றைவிட ஒன்று நைஸ். ஒரு பேப்பரில் ஒரே திசையில்தான் தேய்க்க வேண்டும். அடுத்த பேப்பருக்குப் போகும்போது சாம்பிளைக் கால் சுற்று திருப்பிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் முந்தைய பேப்பர் போட்ட கோடு குறுக்கே நின்று கண்ணுக்குத் தெரியும். அது கடைசிக் கோடு வரை மறைந்த பிறகுதான் அடுத்த பேப்பரை எடுக்கலாம். அவசரப்பட்டுத் தாவினால், பிறகு வெல்வெட் டிஸ்க்கில் அலுமினா விட்டு எவ்வளவு நேரம் பிடித்தாலும் அந்தக் கோடு போகாது. திரும்ப டூ-ஓவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

நன்றாக வந்த சாம்பிளில் என் மூக்குக் கண்ணாடியின் ஃபிரேம் தெரியும். மைக்ராஸ்கோப்பில் 100 மடங்கில் வைத்து உருண்டைகளைப் பார்ப்பேன். 90 சதவீதம் உருண்டை என்றால் மனசுக்கு நிம்மதி. அப்புறம் நைட்டால் விடுவேன், ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் ஆசிட். சில வினாடிகளில் கண்ணாடி மாதிரி இருந்த முகம் சாம்பல் நிறமாகிவிடும். ரிப்போர்ட் எழுதியதும் சாம்பிள் டப்பாவுக்குப் போகும், கொஞ்ச நாள் கழித்து ஸ்கிராப்போடு திரும்ப உலைக்கே போகும். பதினேழு வருடமாகத் தினமும் மெருகேற்றுகிறேன். அதில் ஒன்றுகூட வெயிலைப் பார்த்ததில்லை. நான் மெருகேற்றுவதே உள்ளே இருக்கும் குறையைக் கண்டுபிடிப்பதற்காக.

அதனால்தான், ஆறு வருடம் முன்பு நண்பர் ஒருவரின் வண்டிக் கதவில் முதல் தடவை காம்பவுண்ட் என்ற கீறல் போக்கும் பசையைப் போட்டுத் துடைத்தபோது எனக்கு என்னவோ செய்தது. பெரும்பாலான காம்பவுண்டில் தேய்ப்பது அதே அலுமினாதான். முதலில் மேலும் கீழுமாக ஓட்டி, அடுத்த சுற்றில் இடமும் வலமுமாக ஓட்டு என்று யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை, கை தானாகத் திரும்பியது. ஆனால் இந்த முறை ஆசிட் ஊற்ற வேண்டியதில்லை. துடைத்து முடித்தது அப்படியே தெருவில் போனது.

அதே கை என்னைக் கவிழ்த்ததும் உண்டு. மச்சான் வண்டி, அடர் நீலம். பானட்டின் ஓரத்தில் ஒரு ஆழமான கீறல். கோடு மறையும் வரை அடுத்ததற்குப் போகாதே என்ற லேப் புத்தி எனக்கு. ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் ரோட்டரி மெஷினை அதே இடத்தில் ஆறு, ஏழு முறை ஓட்டினேன். லேபில் எவ்வளவு தேய்ந்தாலும் கவலை இல்லை, சாம்பிள் முழுக்க இரும்பு. வண்டியிலோ, நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் 40 மைக்ரான், மிஞ்சினால் 50. ஒரு தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், முடியை விட மெல்லியது. ஓரங்களில் இன்னும் குறைவாக இருக்கும். ரோட்டரி ஒரே இடத்தில் சூட்டையும் ஏற்றும். திடீரென்று பேடில் நீலம் ஏறியது, அடுத்த வினாடி ஒரு ரூபாய் அளவுக்குப் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, தெரிந்தது.

மச்சான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பானட் முழுவதும் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். ஆனால் கம்பெனி பெயின்ட் போனது போனதுதான். இன்றைக்கும் அந்த வண்டியைப் பார்த்தால் என் கண் முதலில் அந்த ஓரத்துக்குத்தான் போகும். அடுத்த மாதமே பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டர் வாங்கினேன். தகரத்துக்கு மேலே மொத்தம் எவ்வளவு என்று மட்டும்தான் அது சொல்லும், கிளியர் கோட் எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. கம்பெனி பெயின்ட் என்றால் 100லிருந்து 150க்குள் காட்டும். 300 காட்டினால் அங்கே மறு பெயின்ட், ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது. மெஷினைத் தொடும் முன் இப்போது ஒவ்வொரு பேனலிலும் ஐந்து இடம் பார்த்துப் பேப்பரில் எழுதிக்கொள்கிறேன். எந்தக் கீறலை விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்யக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

இந்தத் தவறைப் பல் லேப் தம்பி ஒருநாளும் செய்ததில்லை. பல் செட்டும் கேப்பும் செய்து கொடுக்கிற வேலை அவனுக்கு. அக்ரிலிக் பல் செட்டைப் பியூமிஸ் பவுடர் வைத்துத் துணிச் சக்கரத்தில் மெருகேற்றும்போது சூடு ஏறினால் வளைந்துவிடும், வாயில் உட்காராது. அதனால் எதைத் தேய்த்தாலும் பத்து வினாடிக்கு ஒருமுறை விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்ப்பான். வண்டியிலும் அப்படியே. "அண்ணா, சுடுது, எடுங்க" என்று பக்கத்து பேனலிலிருந்து குரல் வரும். அவன் என் கையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறான் என்பதே ஒரு தைரியம். மெல்லிய பொருளோடு தினமும் புழங்குகிறவனின் கை வேறு, என் கை வேறு.

திருப்பூர் அண்ணன் பனியன் கம்பெனியில் துணி செக்கிங். ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது, அவர் வாயில் அரிசி பருப்பு மாதிரி வரும் சொல். நான் ஒருமுறை ஆன்லைனில் 800 ஜி.எஸ்.எம். என்று போட்டிருந்த மைக்ரோஃபைபர் டவல் நான்கு வாங்கிப் பெருமையாகக் காட்டினேன். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணக் குடுங் தம்பி, திங்கக்கெழமை சொல்றேன்" என்றார். கம்பெனியில் வட்டமாகத் துணி வெட்டும் கட்டர் உண்டு. வெட்டினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வரும். அதைத் தராசில் வைத்து, வரும் கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். கிடைத்துவிடும். என் டவல் 4.9 கிராம். 490. ஓட்டை விழுந்த டவலையும் அந்த வட்டத்தையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். பாலிஷ் துடைக்க இது தாராளமாகப் போதும், ஈரம் எடுக்க மட்டும் கனமானது வாங்குங்க என்றார். அப்புறம் ஒவ்வொரு டவலிலும் தைத்திருந்த லேபிளை அவரே பிரித்தெடுத்தார். ஓரத் தையலும் லேபிளும்தான் புதுக் கீறல் போடும் என்பார்.

வெளிச்சம் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். துணி நிறத்தை ஒரே விளக்கில் பார்த்து ஓகே செய்ய மாட்டார்கள். பெட்டிக்குள் வைத்துப் பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். அதே மாதிரி நாங்கள் இப்போது வெள்ளை டார்ச் ஒன்று, மஞ்சள் டார்ச் ஒன்று வைத்துக்கொள்கிறோம். வெள்ளையில் சுத்தமாகத் தெரிந்த கறுப்புக் கதவு, மஞ்சளில் வட்டம் வட்டமாகக் காட்டிக்கொடுத்த நாள்கள் உண்டு.

நர்ஸ் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆபரேஷன் தியேட்டரில் வேலை. வந்த முதல் நாளே நான் கீழே விழுந்த டவலை எடுத்து உதறியதைப் பார்த்துவிட்டார். "தம்பி, கீழ விழுந்தா அது முடிஞ்சுது. தனியாப் போடுங்க." உதறினாலும் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தால் போதும், முழு பேனலும் கெட்டுவிடும். படித்திருக்கிறேன், ஆனால் கடைப்பிடித்ததில்லை. அவர் வந்த பிறகுதான் பெயின்ட்டுக்கு ஒரு நிறம், கண்ணாடிக்கு ஒரு நிறம், சக்கரத்துக்கு ஒரு நிறம் என்று டவல் பிரிந்தது.

இன்னொரு பழக்கம் எண்ணுவது. ஆபரேஷன் தொடங்கும் முன் பஞ்சு, துணி, கருவி எல்லாவற்றையும் எண்ணுவார்கள். தையல் போட்டு மூடும் முன் திரும்பவும் எண்ணுவார்கள். அக்கா டவலையும் அப்படியே சத்தமாக எண்ணுவார். ஒருநாள் மாலை, எல்லாம் முடிந்து வண்டிக்காரர் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். ஆரம்பிக்கும்போது 14, இப்போது 13. "எங்கயாவது காத்துல பறந்திருக்கும்க்கா" என்றோம். அவர் கேட்கவில்லை. வண்டியை எடுக்க விடவில்லை. பானட்டைத் திறக்கச் சொன்னார். எக்ஸாஸ்ட் குழாய்க்கு ஒரு சாண் தள்ளி, நீல டவல் ஒன்று சுருண்டு கிடந்தது. எஞ்சின் பக்கம் துடைத்தவன் நான்தான். அக்கா எதுவும் பேசாமல் அதை எடுத்து, "பதினாலு" என்று மட்டும் சொன்னார்.

இப்படி வேறு வேலையிலிருந்து வந்து சேர்வது இதில் புதிதில்லை போலிருக்கிறது. உலகம் முழுக்க டீடெய்லிங்காரர்கள் சொல்லும் மெகுவையர்ஸ் பெயரே 1901ல் அமெரிக்காவில் மர ஃபர்னிச்சர் பாலிஷில்தான் ஆரம்பித்தது. நாங்கள் பூசும் கார்னௌபா வாக்ஸ் பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுப்பது.

"இவ்வளவு தெரியுதே, ஒரு கடை போடலாமே?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எங்களில் ஒருவர் போட்டார். ஷோரூம் வேலையை விட்டுவிட்டு, நல்ல இடத்தில், நல்ல மெஷின்களோடு. காலையில் விட்டால் நாலு மணிக்கு வண்டி வேண்டும் என்பார்கள். வாடகையும் இரண்டு பையன்கள் சம்பளமும் கட்ட ஒரு நாளைக்கு மூன்று வண்டியாவது முடிக்க வேண்டும். மீட்டர் வைத்துப் பார்க்கவே நேரமில்லை என்று ஒருநாள் போனில் சொன்னபோது அவர் குரல் சரியில்லை. பத்து மாதத்தில் மூடினார். அவர் வேலையில் குறையே இல்லை. பதினான்கு மணி நேரத்துக்கான கூலியை யார் தருவார்கள்? வாட்டர் சர்வீஸில் நாள் முழுக்க நனைந்துகொண்டு நிற்கும் பையன்களைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வரும். அது வேறு உழைப்பு. நாங்கள் செய்வது, நேரத்தைக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடிந்தால் மட்டும் செய்யக்கூடியது. அதற்குத்தான் எங்களுக்கு வேறு சம்பளம் வேண்டியிருக்கிறது. கடையை மூடிய அடுத்த ஞாயிறே அவர் எங்களோடு வந்து உட்கார்ந்தார். கடை வைத்திருந்த பத்து மாதமும் வரவே இல்லை.

மாருதி 800க்கு வருகிறேன். மில்லில் ரிடையர் ஆன ஒருவருடையது. 2014ல் அந்த மாடலே நின்றுவிட்டது. அவர் அதற்கு வெகுகாலம் முன்பு செகண்ட்ஹேண்டில் வாங்கியது. வெள்ளை மங்கி, சுண்ணாம்புச் சுவர் மாதிரி கையில் ஒட்டியது. முதல் சுற்றிலேயே பேடு வெள்ளையானது. மேலே கிளியர் கோட் இல்லாத பெயின்ட் என்றால் அப்படித்தான், நிறமே தேய்ந்து வரும். அதனால் ரோட்டரி பக்கமே போகவில்லை. மெல்லிய ஃபினிஷிங் பாலிஷ், சாஃப்ட் பேடு, டூயல் ஆக்‌ஷன் மெஷின் (சுழலும்போதே அசைந்தாடுவதால் சூடு குறைவு), அவ்வளவுதான். போர் தண்ணீர் காய்ந்தால் உப்புப் புள்ளி நிற்கும் என்பதால் கடைசி அலசலுக்கு வீட்டு ஆர்.ஓ.வில் பிடித்த தண்ணீர் ஒரு பக்கெட். இந்த ஊர் சிறுவாணித் தண்ணீருக்குப் பேர் போனது, எங்கள் வண்டிகளுக்கு வாய்த்தது போர் தண்ணீர்தான்.

நாலு மணிக்கு ட்யூப் லைட்டைப் போட்டேன். பானட்டில் அதன் பிம்பம் ஒரு நேர்கோடு, விளிம்பு கலையாமல். வண்டிக்காரர் கையைக் கொண்டுபோய்ப் பெயின்ட்டுக்கு ஒரு விரல்கடை மேலே நிறுத்தினார். தொடவில்லை. "தொடுங்க ஐயா, ஒண்ணும் ஆகாது" என்றேன். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் தொட்டார்.

பின் கதவும் டிக்கியும் பாக்கி. இந்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட், நர்ஸ் அக்காவுக்கு ஞாயிறு டியூட்டி, பல் லேப் தம்பிக்கு மட்டும் லீவு. அவன் தனியாகக் கழுவி, க்ளே போட்டு வைக்கிறேன் என்றிருக்கிறான். ஷிப்ட் முடிந்து எட்டு மணிக்கு நேராக வந்து மெஷினை எடுத்துக்கொள்வேன். ஆடி பிறக்க இன்னும் மூன்று ஞாயிறுதான் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இப்போதே புழுதி வாரத் தொடங்கிவிட்டது, ஆடியில் போர்ட்டிகோவில் பேடு பிடிக்க முடியாது. அதற்குள் அக்காவின் வண்டியையும் முடித்தாக வேண்டும், அவருடைய டியூட்டி சார்ட் வந்ததும் நாள் குறிக்க வேண்டும்.