கீல் ஆடிய துவக்கும் கண்டிக்கு மூன்று பயணமும்

கீல், அதாவது குழலை மடக்கித் திறக்கிற மூட்டு, தேய்ந்து ஆடிய துவக்கு ரிப்பேர் முடிந்து போன வாரம்தான் வீட்டுக்கு வந்தது. மூன்று தடவை கண்டிக்குப் போய் வந்த அலுப்பு இன்னும் தீரவில்லை, அதற்கு முன்னால் வேறோர் இடத்தில் ஏமாந்த ஆறாயிரம் ரூபாயின் எரிச்சலும் தீரவில்லை, ஆனாலும் முன்கட்டையை (குழலுக்கு அடியில் கை பிடிக்கிற கட்டை) கழற்றி வைத்துவிட்டுக் குழலை ஆட்டிப் பார்த்தால் சத்தமே இல்லை. அந்த நிம்மதி இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

கந்தப்பளைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கிழங்கும் லீக்ஸும் இருக்கிறது. பன்றி ஒரு ராத்திரி இறங்கினால் கிழங்குப் பாத்தி ஏர் உழுத மாதிரி ஆகிவிடும். அதற்காக அப்பா வாங்கி வைத்ததுதான் இந்தத் துவக்கு. பைக்கால், ஐ.ஜே. 27, 12 போர், குழல் மேலே ஒன்று கீழே ஒன்று. ரஷ்யாவில் இஷெவ்ஸ்க் என்ற ஊரில் 1973 முதல் செய்த மாடல். அப்பா இறந்த பிறகு லைசன்ஸை என் பெயருக்கு மாற்றியது தனிக் கதை, அது ஒழுங்காகவே நடந்தது, விட்டுவிடுகிறேன்.

ஆட்டம் இருப்பது எனக்குக் கையில் தெரியவே இல்லை. சுட்ட தோட்டாவில்தான் தெரிந்தது. போன செப்டம்பரில் ஒரு நாள் வெறுந்தோட்டாவை எடுத்துப் பார்த்தேன், அடியில் இருக்கிற, மருந்தைப் பற்ற வைக்கிற கேப்பு உள்ளே அடங்கி இருக்காமல் விரல் வைத்தால் தட்டுப்படுகிற அளவு வெளியே தள்ளி நின்றது. மேல்குழல், கீழ்க்குழல் இரண்டிலும் அப்படியே. தோட்டாவில் ஏதும் கோளாறோ என்று வேறு பெட்டியிலிருந்து போட்டேன், அதுவும் அப்படித்தான். குழலின் பின்பக்கத்துக்கும் அதைத் தாங்குகிற இரும்பு முகத்துக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருந்தால் கேப்பு பின்னால் தள்ளிக்கொண்டு வரும். ஆனால் துவக்கை மூடிப் பிடித்து ஆட்டினால் கல் மாதிரி இருக்கிறது.

என் மச்சான் தேயிலைப் பெக்டரியில் ஃபிட்டர். அவன்தான் கேட்டான், "முன்கட்டையைக் கழற்றிவிட்டுப் பார்த்தாயா?" இந்த ஒரு கேள்விக்காக அவனுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். முன்கட்டைக்குள் இருக்கிற வில் குழலைக் கீலோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். அது மாட்டியிருக்கும் வரை எவ்வளவு தேய்ந்த துவக்கும் இறுக்கமாகத்தான் தெரியும். கழற்றி வைத்துவிட்டு, பிடியை இடுப்போடு அணைத்துக் குழலின் நடுவில் பிடித்து இடம் வலமாக ஆட்டினேன், டிக் டிக் என்று தெளிவாகக் கேட்டது. மேலும் கீழுமாக ஆட்டினாலும் அதே சத்தம். (இதையெல்லாம் செய்வதற்கு முன் இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள், வீட்டில் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.)

இன்னொன்றும் அவன் காட்டினான். மூடிய துவக்கை விளக்குக்கு நேரே பிடித்தால் குழலுக்கும் முகத்துக்கும் நடுவில் முடி அளவு வெளிச்சம் தெரிந்தது. இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தோம், 0.15 மில்லிமீட்டர் தகடு போனது, 0.20 போகவில்லை. துவக்கைத் திறக்க மேலே இருக்கிற லீவரையும் பாருங்கள். புதுத் துவக்கில் மூடியதும் அது நடுவுக்குக் கொஞ்சம் வலது பக்கம் நிற்கும், தேயத் தேய நடுவுக்கு வரும், நடுவைத் தாண்டி இடது பக்கம் போனால் குழலை மூடிப் பிடிக்கிற பூட்டு நாக்கு நிறையத் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எங்களுடையது நடுவைத் தாண்டியிருந்தது. இது ராத்திரியோடு ராத்திரியாக நடந்ததல்ல. அப்பா கீலுக்குத் தேங்காயெண்ணெய்தான் போடுவார், இந்தக் குளிரில் அது மெழுகாக உறைந்துவிடும். உள்ளே மூடுபனி ஈரம் தங்கித் துரு பிடிக்கும், துருப்பொடி ஒவ்வொரு தடவை மடக்கும்போதும் அரம் மாதிரி உரசும். அவருக்குத் தெரிந்ததை அவர் செய்தார், எனக்கு அவர்மேல் குறை இல்லை.

குறை எல்லாம் நான் முதலில் கொண்டுபோன கடைமேல். கீழ்நாட்டுப் பக்கம் ஒரு டவுன், பெயர் வேண்டாம். லைசன்ஸ் உள்ள கடைதான். அங்கே இருந்தவர் துவக்கை வாங்கி முன்கட்டையோடேயே இரண்டு ஆட்டு ஆட்டி, "கொஞ்சம்தான் தம்பி, இரண்டு மணித்தியாலத்தில் தருகிறேன்" என்றார். தந்தார். ஆறாயிரம் கேட்டார், கொடுத்தேன். முன்கட்டையைக் கழற்றி ஆட்டிப் பார்த்தேன், சத்தம் இல்லை. வெளிச்சமும் தெரியவில்லை. சந்தோஷமாக வந்துவிட்டேன்.

நவம்பர் மாதம், நாற்பது தோட்டா கூடச் சுட்டிருக்க மாட்டேன், கேப்பு மறுபடி தள்ள ஆரம்பித்தது. குழலைக் கழற்றி மண்ணெண்ணெயில் நனைத்த துணியால், குழலுக்கு அடியில் கீல் ஆணியைப் பற்றிக்கொள்கிற கீல் கொக்கியைத் துடைத்தேன். தடிப்பாக அப்பியிருந்த கிரீஸ் போனதும் உள்வளைவு முழுக்கப் புள்ளி புள்ளியாக ஆணிக் குத்துகள் தெரிந்தன. அந்த ஆள் சென்டர் பஞ்ச் வைத்துக் கொக்கியைக் குத்தியிருக்கிறார். குத்தின இடத்தைச் சுற்றி இரும்பு கொஞ்சம் மேலெழும்பும், அந்த மேடு கீல் ஆணியில் பட்டு அன்றைக்கு இறுக்கமாக இருக்கும், மேடு தேய்ந்ததும் பழைய ஆட்டம் வந்துவிடும். மிச்சத்தைக் கிரீஸ் மூடி வைத்திருந்தது. எனக்குக் கை நடுங்கியது. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வெடிக்கிற சாமான் அது. தொலைபேசியில் கேட்டபோது, "பழைய துவக்கு என்றால் ஆடத்தான் செய்யும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதனால் ரிப்பேர் முடிந்து வாங்கும்போது கீலைத் துடைத்துக் காய வைத்துவிட்டு ஆட்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கொக்கியின் உள்வளைவை டார்ச் அடித்துப் பாருங்கள், வழவழப்பாக இருக்க வேண்டும். புள்ளிக் குத்தோ, சுத்தியல் தடமோ, இடையில் செருகிய தகடோ இருந்தால் காசு கொடுக்க வேண்டாம். தகடு என்றதும் ஞாபகம் வருகிறது, சோடா டின்னை வெட்டி ஒரு கீற்றைக் கொக்கிக்கும் ஆணிக்கும் நடுவில் வைத்து மூடிப் பார்ப்பது நல்ல சோதனைதான். வைத்ததும் முகத்து இடைவெளி மறைந்தால் தேய்ந்தது கொக்கியும் ஆணியும் என்று தெரிந்துவிடும். பார்த்தவுடன் எடுத்துவிட வேண்டும். அதையே ரிப்பேராக உள்ளே விட்டு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள்.

அப்புறம் கண்டி. அங்கே வயதான ஒரு நானா (முஸ்லிம் பெரியவர்) இந்த வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டு டிசம்பர் நடுவில் மச்சானின் வேனில் கிளம்பினோம். பொலிஸில் முன்கூட்டியே சொல்லி ஒரு கடிதம் வாங்கிக்கொண்டேன், துவக்கை மூன்றாகக் கழற்றி உறையில் போட்டேன், தோட்டா ஒன்றுகூட எடுக்கவில்லை. இதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். றம்பொடையில் இறங்கும்போது முன்னால் போகிற பஸ் தெரியாத அளவு மூடுபனி, புசல்லாவ தாண்டியும் மழை, கண்டிக்குப் போய்ச் சேர பதினொரு மணி ஆகிவிட்டது. நானா உறையைத் திறக்கவே இல்லை. முதலில் லைசன்ஸைக் கேட்டார். என்னிடம் இருந்தது போட்டோகொப்பி. லைசன்ஸ் டிசம்பர் 31-ஓடு முடிகிறது, புதுப்பிக்க ஒரிஜினலைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கொடுத்திருந்தேன். ரசீது இருக்கிறது என்று காட்டினேன்.

"தம்பி, ஒரிஜினல் இல்லாமல் நான் கை வைக்க மாட்டேன். என் புத்தகத்தைப் பொலிஸ் வந்து பார்க்கும். இலக்கத்தை நான் கண்ணால் ஒப்பிட்டு எழுத வேணும்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். போக வர முழு நாள், டீசல், மச்சானின் ஒரு நாள் லீவு எல்லாம் வீண். அன்றைக்கு வந்த கோபம் வீடு வந்து சேர்வதற்குள்ளேயே போய்விட்டது, ஏனென்றால் அவர் செய்ததுதான் சரி. 1916-ல் வந்த சட்டம்தான் இங்கே துவக்குக்கு இன்னும் நடக்கிறது, அதில் பிழை விட்டால் மாட்டுவது அவரும் நானும். வருடக் கடைசியில் ரிப்பேருக்குக் கிளம்பாதீர்கள், புது லைசன்ஸ் கைக்கு வந்த பிறகு போங்கள்.

ஜனவரியில் லைசன்ஸ் வந்தது, மறுபடி போனேன். நானா வேலை செய்கிற விதத்தைப் பார்த்ததே பெரிய பாக்கியம். முதலில் குழல், உடல், முன்கட்டை மூன்றிலும் இருக்கிற இலக்கத்தை லைசன்ஸோடு ஒப்பிட்டார். பிறகு குப்பி விளக்கைக் கொளுத்தி அதன் புகையை இரும்பு முகத்தில் பிடித்துக் கரி படிய வைத்து, குழலை மாட்டி மூடித் திறந்தார். குழல் படுகிற இடத்தில் கரி அழிந்திருக்க வேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் லேசாக ஒரு கோடு. புள்ளிக் குத்துகளைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார், யார் செய்தது என்று கேட்கவில்லை.

இரண்டு வேலை என்றார். பழைய கீல் ஆணியை எடுத்துவிட்டு கொஞ்சம் தடிப்பான புது ஆணி கடைந்து, சூடாக்கிக் கெட்டிப்படுத்திப் போட வேண்டும், கொக்கியை அதற்குப் பொருந்த உரசுகிற பேஸ்ட் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். ஆணி தடித்தால் குழல் பின்னால் வந்து முகத்தில் உட்காரும். குழல் நகர்ந்தால் பூட்டு நாக்கு பழைய இடத்தில் பிடிக்காது, அதனால் நாக்கின் மேல் கொஞ்சம் வெல்டிங் ஏற்றி அரத்தால் சரிசெய்ய வேண்டும், முன்கட்டை இரும்பையும் புதிதாகப் பொருத்த வேண்டும். மூன்று வாரம், இருபத்தெட்டாயிரம். முதல் கடை கேட்டதைவிட நாலு மடங்குக்கு மேல்தான், ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் என்ன வேலை என்று வாயால் சொன்னார். நான் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன், பொலிஷ் போடும்போது இலக்கம் மங்கிவிடக் கூடாது. "அதைத் தொட்டால் என் கையை வெட்டுவேன்" என்றார். நீங்களும் கொடுப்பதற்கு முன் இலக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள், அது அழிந்தால் அடுத்த வருட லைசன்ஸ் பெரிய தலைவலி.

மூன்று வாரம் ஐந்து வாரமானது. அந்த நாட்களில் பன்றி இரண்டு தடவை இறங்கியது, தகரம் தட்டித்தான் விரட்டினோம், அரைப் பாத்தி கிழங்கு போனது.

எடுக்கப் போன அன்று நானா என் முன்னாலேயே மறுபடி கரி பிடித்துக் காட்டினார். இரண்டு குழலைச் சுற்றியும் முழு வட்டமாகக் கரி அழிந்திருந்தது. ஃபீலர் கேஜில் ஆக மெல்லிய 0.05 தகட்டை மச்சான் விட்டுப் பார்த்தான், நுழையவில்லை. லீவர் நடுவுக்கு வலது பக்கம் நிற்கிறது. அவர் சுட்டுப் பார்த்த வெறுந்தோட்டாக்களையும் தந்தார், கேப்பு அடங்கியே இருந்தது. ஒரே ஒரு குறை, இப்போது மூடும்போது கொஞ்சம் கைப்பலம் வேண்டியிருக்கிறது. அது பழகிவிடும், ஆனால் ஒரு கையால் படாரென்று வீசி மூடாதே, லீவரை விரலால் தாங்கிக்கொண்டு மூடு என்றார். கீலுக்கும் கொக்கிக்கும் தடிப்பான கிரீஸ் அரிசி அளவு போதும், ஒவ்வொரு தடவை வெளியே எடுத்த பிறகும் பழையதைத் துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும், மழையில் நனைந்தால் அன்று ராத்திரியே.

தேங்காயெண்ணெய்ப் போத்தலை அம்மாவிடம் சமையலுக்குக் கொடுத்துவிட்டேன். லீவர் நிற்கிற இடத்தை நேர் மேலிருந்து படம் எடுத்து, தேதியோடு லைசன்ஸ் கவருக்குள் வைத்திருக்கிறேன். கிழங்கு தோண்டி முடிந்ததும் முன்கட்டையைக் கழற்றி, துடைத்து, அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன்.