யுரேனியமும் நான் சேர்க்காத கால்சியமும்

யுரேனியம் கலந்த நிலத்தடி நீரை பாக்டீரியாவை வைத்துச் சுத்தம் செய்யும் ஆய்வில் சேர்ந்த புதிதில், தண்ணீரை நான் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. கண்ணெல்லாம் பாக்டீரியா மேல்தான். ஜியோபாக்டர் மாதிரியான பாக்டீரியா, நீரில் கரைந்திருக்கும் யுரேனியத்துக்கு எலக்ட்ரானைக் கொடுத்தால் அது கரையாத நிலைக்கு மாறி மண்ணிலேயே தங்கிவிடும். 1991-இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் டெரெக் லவ்லியின் குழு காட்டிய சங்கதி இது. நாம் அசிடேட்டை (வினிகர் அமிலத்தின் உப்பு) தீனியாகப் போட்டால் போதும் என்றிருந்தேன்.

முதல் சோதனைக்கான நீரை நானே கலக்கினேன். கால்சியம் சேர்த்தால் கார்பனேட்டோடு சேர்ந்து பாட்டிலில் வெள்ளையாகப் படியும், அளவெடுப்பது தொல்லை என்று அதை மட்டும் விட்டுவிட்டேன். சில நாளிலேயே யுரேனியம் மளமளவென்று இறங்கியது, எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் களத்திலிருந்து வந்த நிஜ நீரில் அதே பாக்டீரியா, அதே அசிடேட்; அளவு இறங்கவே மாட்டேன் என்றது. காற்று பட்டால் இந்த வேலை நடக்காது; ரப்பர் மூடி வழியாக அது புகுந்திருக்குமோ என்று இரண்டு வாரம் மூடிகளோடு மல்லுக்கட்டினேன், ஆனால் ஆக்சிஜன் பட்டால் இளஞ்சிவப்பாகும் சாயம் நிறமே மாறாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்தத் தண்ணீரில் கால்சியம் எவ்வளவு?" என்று கேட்டார் சீனியர். நான் பார்த்திருக்கவே இல்லை.

கால்சியமும் கார்பனேட்டும் யுரேனியத்தோடு ஒன்றாகப் பிணைந்துகொண்டால், அது எலக்ட்ரானை எளிதில் வாங்காது. பாக்டீரியா பட்டினியும் இல்லை, செத்தும் போகவில்லை, வேலைதான் நடக்கவில்லை.

அதன்பிறகுதான் களச் சோதனைகளை ஒழுங்காகப் படித்தேன். அமெரிக்காவின் கொலராடோவில் ரைஃபிள் என்ற ஊரில் 2002-இல் அசிடேட் செலுத்தியபோது யுரேனியம் முதலில் நன்றாகவே குறைந்தது. ஜியோபாக்டர் யுரேனியத்துக்கு மட்டுமல்ல, மண்ணிலுள்ள இரும்புக்கும் எலக்ட்ரானைக் கொடுத்துத்தான் பிழைக்கிறது; எளிதாகக் கிடைத்த அந்த இரும்பு தீர்ந்து, சல்பேட்டுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கும் வேறு பாக்டீரியாவின் கை ஓங்கியதும் யுரேனியம் மறுபடி ஏறியது. டென்னசியின் ஓக் ரிட்ஜில் தொல்லை வேறு. அங்கே கழிவுக் குளங்களை ஒட்டிய நீரில் அமிலமும் நைட்ரேட்டும் ஏராளம். நைட்ரேட் இருக்கும்வரை பாக்டீரியா எலக்ட்ரானை முதலில் அதற்குத்தான் கொடுக்கும், போதாததற்கு அதிலிருந்து வரும் நைட்ரைட் போன்றவை படிந்த யுரேனியத்தையும் திரும்பக் கரைத்துவிடும். அதனால் அமிலத்தைத் தணித்து நைட்ரேட்டை நீக்கிய பிறகே எத்தனாலைத் தீனியாகக் கொடுத்தார்கள்.

சரி, கடைசியாக என் செயற்கை நீரிலேயே கால்சியத்தைக் கலந்து பார்த்தேன். அங்கேயும் வேகம் விழுந்தது. அந்த முதல் வரைபடம் மட்டும் இன்னும் என் கணினியில் 'நல்ல ரிசல்ட்' என்ற பெயரிலேயே கிடக்கிறது.