சுங்கை சிப்புட்டில் ஒரு லினக்ஸ் சனிக்கிழமை

யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்கிற கட்டற்ற மென்பொருளுக்கான கூட்டம் என்றாலே கோலாலம்பூரில் ஏதாவது ஹோட்டல், கழுத்தில் அட்டை, நாள் முழுக்க ஆங்கிலம் என்று பழகிப் போயிருந்தது. 2025 மென்பொருள் சுதந்திர நாளுக்கு, அதாவது செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை, பேராக்கின் சுங்கை சிப்புட்டில் கூடுகிறோம், எல்லாம் தமிழில்தான், பழைய லேப்டாப் இருந்தால் தூக்கிக்கொண்டு வாங்க என்று நண்பர் சொன்னதும் இடிஎஸ் ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டேன்.

ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஊர் வந்துவிடுகிறது. ரொட்டி சானாயும் தே தாரிக்குமாகப் பசியாறிவிட்டுக் கோயில் மண்டபத்துக்குள் போனால் நான் நினைத்ததைவிட நல்ல கூட்டம். சுதந்திர தாகமெல்லாம் ஒன்றும் இல்லை, விண்டோஸ் 10தான் காரணம். அந்த வருஷம் அக்டோபர் 14-ஓடு அதற்கு மைக்ரோசாஃப்டின் இலவச ஆதரவு முடிய இருந்தது, கையில் இருக்கும் மெஷினோ விண்டோஸ் 11-ஐ ஏற்காது, புதுசு வாங்கக் காசுக்கு எங்கே போவது? பழைய மெஷினிலேயே ஓடும் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸைத் தேடித்தான் வந்திருந்தார்கள்.

முதல் பேச்சு உரிமங்களைப் பற்றி. நீளம், ரொம்ப நீளம். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் ஜிபிஎல் என்ற உரிமத்தை எழுதியதில் ஆரம்பித்து, நிரலைத் திருத்தி அடுத்தவருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுத்தாக வேண்டும் என்பதை விளக்கி முடிப்பதற்குள் பாதிப் பேர் தேநீருக்கு எழுந்துவிட்டார்கள். அப்போது முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "சங்கத் தோட்டம் மாதிரியா தம்பி?" என்று கேட்டார். இது மலேசிய இந்தியர் காங்கிரஸின் முன்னாள் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளிகளே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். பேச்சாளர் உடனே தலையாட்டிவிட்டார். எனக்கென்னவோ பாதிதான் பொருந்துகிறது. சங்கத்தில் பங்கு போட்டவருக்குத்தான் உரிமை, லினக்ஸை ஒரு காசு போடாதவரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் அதற்குப் பிறகுதான் மண்டபம் காது கொடுத்தது.

அப்புறம் நிறுவல் வேலை. லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை யுஎஸ்பியிலிருந்து ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினோம். பிராட்காம் சிப் உள்ள ஒரு பழைய மெஷினில் வைஃபை வரவில்லை, சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும்! கைபேசியைக் கேபிளில் செருகி, அதன் இணையத்தைப் பகிரும் டெதரிங் போட்டதும் வந்துவிட்டது. தமிழ்99 விசைப்பலகைத் தட்டச்சும் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில் சுலபமாகவே அமைந்தது.

எனக்குப் பிடித்தது மூலையில் ஒரு மேசை. பேச்சறி மென்பொருளுக்காக மக்களின் குரலைத் திரட்டும் மோசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்துக்குக் குரல் பதிவு. திரையில் வரும் வாக்கியத்தை வாசிக்க வேண்டும், வேறு ஆட்கள் கேட்டுச் சரியா தப்பா என்று சொல்ல வேண்டும், இரண்டு பேர் சரி என்றால் பதிவு சேர்ந்துவிடும். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்ந்த ஒரு ஆயா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டு, தோட்டப் பள்ளியில் பாடம் ஒப்பித்த அதே ராகத்தில் வாசித்தார். 'மழை' என்பது 'மளை' என்றே வந்தது. கேட்டுக்கொண்டிருந்த பையன் தயங்காமல் 'இல்லை'யை அழுத்தப் போனான். பக்கத்தில் இருந்த அக்கா அவன் கையைப் பிடித்துவிட்டார். "இரு தம்பி. சொல்லை மாத்திப் படிச்சா, விட்டுட்டுப் படிச்சா தள்ளு. நாக்கு அப்படித்தான்னா தள்ளாதே." திட்டத்தின் விதியும் அதுதான், உச்சரிப்பு வேறுபாட்டுக்காக நிராகரிக்கக் கூடாது. ஆயா மாதிரிப் பேசுகிறவர்களைத் தள்ளிவிட்டால், நாளைக்கு வரும் பேச்சறி மென்பொருள் செய்தி வாசிப்பாளர் பேசினால் மட்டும்தான் புரிந்துகொள்ளும், தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் யார் அதை வைத்து என்ன செய்வது?

ஆயாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "இன்னொண்ணு குடுப்பா" என்று வாசித்துக்கொண்டே இருந்தார். கோலாலம்பூர்க் கூட்டங்களில் குரல் தரவு பற்றிப் பேச்சு கேட்டிருக்கிறேன், குரல் கொடுக்கிறவர்களை ஒருமுறையும் அங்கே பார்த்ததில்லை. அடுத்த கூட்டத்தையும் இந்த மாதிரி ஊரில்தான் வைக்க வேண்டும், உரிம உரையைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு.

மாலை ரயிலில் இடம் கிடைக்கவில்லை. ஈப்போ பேருந்து நிலையம்வரை ஒரு அண்ணன் காரில் கொண்டுவந்து விட்டார். பின்சீட்டில் அவருடைய மின்ட் ஏற்றிய லேப்டாப். வழியெல்லாம் அவருக்கு ஒரே கவலை, இதில் வாட்ஸ்அப் ஓடுமா? ஓடும் அண்ணே, பிரவுசரில் திறங்கள் என்றேன். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார்.